வானம் பளிச்... பலூன் மட்டும் ரத்து! காரணம் என்ன?

பொள்ளாச்சி: 2015-ல் பொள்ளாச்சியில் தொடங்கிய ராட்சத பலூன் திருவிழாவுக்கு பொங்கல் சமயத்தில் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் விடியற்காலையிலேயே போய் காத்திருந்தாலும், சில நாள் 'இன்னைக்கு பறக்காது' என்று கையை விரித்து விடுகிறார்கள். ஏன்?

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. பர்னரை எரித்தால் ஏறும், சூடான காற்றை வெளியேற்றினால் இறங்கும். மற்றபடி காற்று இழுத்த இழுப்புதான். 2025 ஜனவரியில் பொள்ளாச்சியில் கிளம்பிய ஒரு பலூன், எல்லை தாண்டி பாலக்காடு மாவட்ட வயலில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை.

தரைக்காற்று மணிக்கு சுமார் 15 கிலோ மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலான பைலட்டுகள் கிளம்ப மாட்டார்கள். இறங்கும்போது கூடை சாய்ந்து தரதரவென இழுபடும். வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று குபுகுபுவென மேலே எழும்பி பலூன் தடுமாறும்.

காற்றே இல்லாவிட்டாலும் பனிமூட்டம் ஆபத்து. மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் லாக்ஹார்ட்டில் 2016 ஜூலை 30-ந் தேதி, மேகமும் மூடுபனியும் சூழ்ந்த காலையில் பறந்த பலூன் மின்கம்பியில் மோதியது. அதில் இருந்த 16 பேரும் பலியானார்கள்.

எனவே கிளம்பும் முன் பைலட் சின்ன ஹீலியம் பலூனைப் பறக்க விட்டு மேல்காற்றைப் பார்ப்பார். அது தறிகெட்டு ஓடினால் பயணம் 'கட்'. 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு ரவுண்டு விடுங்க' என்று மல்லுக்கட்டக் கூடாது.

இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, கைப்பிடியை கெட்டியாகப் பிடிக்க வேண்டும். கூடை சாய்ந்தாலும் பைலட் சொல்லாமல் வெளியே குதிக்கக் கூடாது. எடை குறைந்தால், உள்ளே இருப்பவர்களோடு பலூன் மறுபடி மேலே கிளம்பி விடும்.