வீட்டு வாசலில் ஒரு பட்டறை – 7: எண்ணெய்க்குள் ஒரு திமிங்கலம்

பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் கேபிள் எல்லாம் போன வாரமே கழன்றுவிட்டன. வண்டி நான்கு ஜாக்கி ஸ்டாண்டுகள் மேல் நிற்கிறது. அப்பாவின் 1997 மாருதி 800, இரண்டாம் கியரில் அரைக்கும் சத்தம்: இதற்கு மேல் முன்கதை தேவையில்லை.

இந்த வாரம் கியர் பாக்ஸை இறக்குவதாகச் சொல்லியிருந்தேன். இறக்கும் முன் அதற்குள் இருக்கும் எண்ணெயை வடிக்க வேண்டும். வடிக்காமல் சைடு ஷாஃப்டை உருவினால், அந்தத் துளை வழியாக அத்தனையும் முகத்தில் கொட்டும். அரை மணி வேலை என்று உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த எண்ணெயோடுதான் போனது.

முதலில் ஒரு விதி. எண்ணெய் ஊற்றும் மேல் நட்டைத் திறந்துவிட்டுத்தான் வடிக்கும் கீழ் நட்டைத் தொட வேண்டும். பல வருடம் திறக்காத மேல் நட்டு இறுகிப்போய் வர மறுத்தால், வடித்த பிறகு புது எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. காய்ந்த கியர் பாக்ஸோடு வண்டி முடங்கிவிடும். எங்களுக்கு வழிகாட்டும் மெக்கானிக் பாய் இதைச் சொன்னபோது, நாற்பது வருட அனுபவம் ஒரே வாக்கியத்தில் வந்து விழுந்ததுபோல இருந்தது. எங்கள் வண்டியில் மேல் நட்டு மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறிய பிறகுதான் அசைந்தது.

கீழ் நட்டு திறந்ததும் அந்த வாடை வந்தது. வெங்காயமும் வெடிமருந்தும் கலந்த வாடை. மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “கேஸ் லீக் ஆகுதா?” என்றாள். பாய் சிரித்தார். “இந்த நாத்தம் இல்லேன்னா கியர் இல்ல தம்பி.”

அந்த நாற்றம் கந்தகம். இரண்டு பல்சக்கரங்கள் பெரும் பாரத்தோடு ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அப்போது எண்ணெயில் கலந்துள்ள கந்தகமும் பாஸ்பரசும் இரும்போடு வினைபுரிந்து, மயிரிழையினும் மெல்லிய ஒரு பூச்சை உருவாக்குகின்றன. தேய்வது அந்தப் பூச்சு, பல் தப்பிக்கிறது. இரும்புக்கு இது கவசம். பித்தளைக்கோ இதே கந்தகம் பகை, சூடேறினால் அரிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை பிளாஸ்டிக் டப்பில் வடிந்த எண்ணெயில், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றித் துழாவினார் பாய். கறுப்புச் சேறுபோல இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் ஓடிய வண்டிக்கு அது இயல்புதான். துடைத்துவிட்டு மறுபடி துழாவினார். மூன்றாவது முறை காந்தம் சுத்தமாக வந்தது. டப்பை வெயிலில் சாய்த்துக் காட்டினார். எண்ணெயில் தங்கப்பொடி தூவியதுபோல மினுமினுப்பு. காந்தத்துக்கு மசியாத மினுமினுப்பு. “பித்தளை வந்துருச்சு. ரெண்டாம் கியர் ரிங்கு போச்சு தம்பி.”

கியர் பாக்ஸைப் பிரிக்காமலேயே நோய் தெரிந்துவிட்டது.

அந்த ரிங்குக்குப் பெயர் சிங்க்ரோ ரிங். வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பகுதிகளைச் சேர்க்கும் முன், இந்தப் பித்தளை வளையம் கூம்பு வடிவ இரும்பின்மேல் உரசி வேகத்தைச் சமன்செய்கிறது. சுற்றும் பம்பரத்தை உள்ளங்கையால் அணைத்து நிறுத்துவதைப்போல. சமமானதும் பற்கள் சத்தமில்லாமல் சேரும். இது வரும்வரை ஓட்டுநரே கிளட்சை இரண்டு முறை மிதித்து வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்பார்கள். அமெரிக்காவின் ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் இந்தக் கண்டுபிடிப்பு 1928இல் கேடிலாக் காரில் முதலில் வந்தது. பாயின் கடைச் சுவரில், தேய்ந்த ரிங்குகளைக் கம்பியில் கோத்து மாட்டியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் வளையல் கடை.

அந்த ரிங்கு உரச வேண்டும் என்றால் எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கக்கூடாது. பல் பிழைக்க வேண்டும் என்றால் நன்றாக வழுக்க வேண்டும். ஒரே எண்ணெய் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும். இந்த முரணைத் துரத்திக்கொண்டு இரவெல்லாம் படித்தபோதுதான் திமிங்கலத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

அதே தாம்சன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர் பாக்ஸை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் அது வந்தது. தானியங்கிப் பெட்டியில் முரண் இன்னும் கடுமை: கிளட்ச் தட்டுகளே எண்ணெயில் மூழ்கியிருக்கும். அவை அதிராமல் மெல்லப் பிடிக்கவும் வேண்டும், பிடித்தபின் நழுவவும் கூடாது. இந்தக் குணத்தை எண்ணெய்க்குக் கொடுக்கப் பல ஆண்டுகள் சேர்த்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயை. நம் கடற்கரை ஊர்களில் அம்பர்கிரீஸ் கடத்தியதாகக் கைதுச் செய்தி வருமே, அதே திமிங்கலம்தான். அதன் தலைக்குள் இருக்கும் உறுப்பு 1,900 லிட்டர்வரை எண்ணெயைத் தாங்கும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்போலக் கொழுப்பு அல்ல அது, திரவ மெழுகு. சூட்டைத் தாங்கும், உலோகத்தில் பற்றி நிற்கும்.

1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதி நின்றது. மாற்றுத் தேடியவர்களுக்கு அரிசோனா, மெக்சிகோ பாலைவனங்களின் புதர் ஒன்று அகப்பட்டது: ஹோஹோபா. அதன் விதை எடையில் ஏறக்குறைய பாதி திரவ மெழுகு. வேதியியலில் திமிங்கல எண்ணெய்க்கு நெருங்கிய உறவு. கடலில் மூழ்கும் மிருகமும் மழை காணாத புதரும் ஒரே பொருளைச் சமைத்து வைத்திருக்கின்றன! வாகன எண்ணெய்க்குப் பெரும்பாலும் செயற்கை ரசாயனங்களே பிறகு வந்தன. ஹோஹோபா ஷாம்பு பாட்டிலுக்குப் போனது. இன்று ராஜஸ்தானிலும் அதைப் பயிரிடுகிறார்கள். ஒரு பிராணியைக் காப்பாற்றிய சட்டம், ஒரு தொழிலையே புதிதாக யோசிக்க வைத்தது. எனக்கு இந்த வாரம் இதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை.

வாசலுக்குத் திரும்புகிறேன். இருட்டும் முன் இரண்டு சைடு ஷாஃப்டுகளையும் எடுத்துவிட்டோம். உள்முனையில் கம்பியை வைத்து மெல்ல நெம்ப வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் ரப்பர் உறைக்குள் ஜாயின்ட் பிரிந்துவிடும். கம்பி நுனி ஆயில் சீலைக் கிழித்துவிடக் கூடாது. வடித்த பழைய எண்ணெய் மூடி போட்ட கேனில் இருக்கிறது. சட்டப்படி அது அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் போகும்.

என்ஜினை மேலிருந்து தாங்கவைத்து, பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியைத் தரைக்குக் கொண்டுவருவது அடுத்த வாரம். கிளட்ச் பிளேட்டையும் அப்போதுதான் பார்க்கப்போகிறோம்.

அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். இந்த வண்டிக்குக் கையேடு கேட்பது ஜிஎல்-4 ரகம். பின்னச்சுப் பல்சக்கரங்களுக்கான ஜிஎல்-5 ரகத்தில் அந்தக் கந்தக மருந்து கூடுதல். பித்தளை ரிங்கு உள்ள பெட்டிக்குத் தெரியாமல் அதை ஊற்றிவிடுபவர்கள் உண்டு. உங்கள் வண்டிக்குக் கடைசியாக ஊற்றியது எந்த ரகம் என்று பழைய பில்லைத் தேடி, கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.