உப்பும் சுண்ணாம்பும் சொன்ன செய்தி



கிண்ணியாவில் நடைபெறும் பெண்களுக்கான வகுப்பொன்றில், ஒரு நாள் வானத்தின் விந்தைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "இரும்பே மழையாகப் பொழியும் ஓர் உலகத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று நான் சொன்னேன். சபையில் ஒரே வியப்பு. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மௌலவி, அங்க யாரும் போனதில்லையே. மழை பெய்ததைக் கண்டது யார்?"

பக்கத்திலிருந்த உம்மா, "பெரிய ஆக்களிட்ட இப்படியா கேக்கிற? இரி புள்ள!" என்று கையைப் பிடித்து இழுத்தார். பிள்ளை முகம் வாடி உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான். ஒரு செய்தி வந்தால் அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று விசாரிக்க வேண்டும் என மத்ரஸாவில் அன்றாடம் பாடம் நடத்துகிறவன், எங்கோ கேட்டதை அப்படியே சபையில் சொல்லிவிட்டேன். பிறகு விசாரித்தேன். விசாரித்து அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

அனல் கக்கும் கோள்

நமது சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1995ஆம் ஆண்டில். மிஷெல் மேயர், டிடியே கெலோ என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் இருவர் அதனைக் கண்டார்கள். 2019இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கோள் வியாழனைப் போல் ஒரு பெரும் வாயுக் கோள். ஆனால் தன் நட்சத்திரத்தை நான்கே நாட்களில் சுற்றி முடித்துவிடுகிறது. அடுப்பை ஒட்டி வைத்த பானை எப்படிக் கொதிக்கும்? அப்படித்தான் அதுவும்.

நான் சொன்ன இரும்பு மழைக் கோளின் பெயர் வாஸ்ப்-76பி. அரபியில் 'ஹூத்' என்றும் தமிழில் மீனம் என்றும் சொல்கிறோமே, அந்த நட்சத்திரக் கூட்டத்தின் திசையில், சுமார் 640 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. வியாழனை விட ஏறத்தாழ 1.8 மடங்கு அகலமானது. அதன் ஓர் ஆண்டு என்பது சுமார் 43 மணித்தியாலம்தான்! ஒரு பக்கம் எப்போதும் நட்சத்திரத்தையே பார்த்தபடி இருப்பதால் அங்கே என்றும் பகல். மறு பக்கம் என்றும் இரவு. பகல் பக்கத்தின் வெப்பம் 2,400 பாகை செல்சியஸுக்கும் மேல். இரும்பு உருக 1,538 பாகை போதும். அங்கேயோ இரும்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிக் காற்றிலே கலந்து நிற்கிறது.

அடுப்படியில் ஒரு சாட்சி

போய்ப் பார்க்காமல் இதை எப்படி அறிந்தார்கள்? விடை உங்கள் குசினியிலேயே இருக்கிறது.

உப்புப் போட்ட கறி பொங்கி வழிந்து கேஸ் அடுப்பில் விழும்போது, நீல நெருப்பு சட்டென்று மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். ஒவ்வொரு மூலகத்துக்கும் இப்படித் தனக்கே உரிய நிறங்கள் உண்டு. இன்னொரு விந்தை: சோடியம் ஆவியாகி நிற்கும் இடத்தினூடே வெள்ளொளி புகுந்து வந்தால், அதே மஞ்சளை அந்த ஆவி விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு கருங்கோடு தெரியும்.

கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து செல்லும்போது, நட்சத்திரத்தின் ஒளியில் ஒரு சிறு பகுதி கோளின் காற்றினூடே வடிந்து நம்மிடம் வருகிறது. எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இவ்வாறு வேற்று நட்சத்திரக் கோளொன்றின் காற்றில் முதன்முதலில் அறியப்பட்டதும் சோடியம்தான். 2001இல் ஹபிள் தொலைநோக்கி அதனைக் காட்டித் தந்தது.

உறுதியும் ஊகமும்

2020இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் எரென்ரைக்கும் அவரது குழுவினரும், சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியால் வாஸ்ப்-76பியை ஆராய்ந்தார்கள். கிண்ணியாப் பாலத்தில் நம்மை நோக்கி வரும் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போன பின் தணிந்தும் கேட்கிறதல்லவா? ஒளியிலும் அப்படியொரு மாற்றம் உண்டு. அதைக் கொண்டு கோளின் இரு விளிம்புகளையும் பிரித்தறிந்தார்கள். பகல் முடிந்து இரவு தொடங்கும் விளிம்பில் இரும்பாவி இருந்தது. இரவு முடியும் விளிம்பில் காணப்படவில்லை. அப்படியானால் இரவுப் பக்கத்தில் அது குளிர்ந்து துளியாகி விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். இதுவே இரும்பு மழையின் கதை.

ஆனால் 2021இல் வேறு ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டுப் பார்த்து, இரு விளிம்புகளின் வெப்பம் வேறுபட்டாலும் இதே அடையாளம் தோன்றலாம் என்று காட்டினார்கள். ஆக, இரும்பாவி இருப்பது கண்டறிந்த உண்மை. மழை என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஒரு விளக்கம். நான் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லியிருந்தேன்.

நமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இலங்கையில் பிறந்த வானியல் அறிஞர் ரே ஜயவர்தனவும் எமிலி டீபர்ட் முதலானோரும் ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி தொலைநோக்கியால் இதே கோளை ஆராய்ந்து, அயனாக்கப்பட்ட கல்சியம் இருப்பதை 2021இல் அறிவித்தார்கள். அனலின் கடுமையால் அணுவிலிருந்து இலத்திரன் கழன்றுபோன கல்சியம் அது. கோளின் மேற்காற்று நினைத்ததை விடச் சூடாக இருக்கலாம், அல்லது அங்கே கடும் காற்று வீசலாம் என்றார்கள். "இருக்கலாம்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அறிவுடையோர் தமக்கு இடும் கடிவாளம் அது.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியை அழைத்து, "உன் கேள்வி சரி, என் பேச்சுத்தான் பிழை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். விபரத்தையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த அவளின் உம்மா, வெற்றிலை மடிப்பை விரித்தபடி மெல்லக் கேட்டார்: "அப்ப, நம்மட வெத்திலச் சுண்ணாம்புல உள்ளதா மௌலவி அங்கயும் இரிக்கி?"

"அதேதான்" என்றேன். மகள் சிரித்தாள். இம்முறை அவளின் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை இப்படியொன்று கேட்கக்கூடும். விடை தெரியாவிட்டால் குறையில்லை. "தேடிப் பார்ப்போம் வா" என்று சொல்லுங்கள். அதட்டி உட்கார வைத்துவிடாதீர்கள்.