நாயைத் தடவிக் கொடுத்தால் மனபாரம் குறையும்! ஆனால் ஊசி போட்டாச்சா?

வேடசந்தூர்-

வளர்ப்பு நாயை 10 நிமிடம் தடவிக் கொடுத்தால் மனக்கலக்கம் குறைகிறது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லி இருக்கிறார்கள். ஆனால் வேடசந்தூர் பக்கத்துத் திண்ணைகளுக்கு இது ஒன்றும் புதுச் சேதி அல்ல!

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரைச் சுற்றி உள்ள கிராமங்களில் பல வீடுகளில் வயதானவர்கள்தான் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று பிழைக்கப் போய் விட்டார்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கும் நூல் மில்லில் ஷிப்டு. பொழுது சாய்ந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

அந்த நேரத்தில் வாசலுக்கு வருவது "மணி"தான்.

"எங்கடா போன இம்புட்டு நேரம்? சோறு வேணாமா?" என்று பாட்டி அதட்டுவார். மணி வாலை ஆட்டிக்கொண்டு மடியில் தலையை வைக்கும். பாட்டியின் கை தானாக அதன் கழுத்துக்குப் போய் விடும். கொஞ்ச நேரத்தில் பாட்டியின் முகமே மாறி விடும்.

பால் கறப்பவர்களுக்குத் தெரியும்

இதற்கு என்ன காரணம்?

பால் கறப்பவர்களைக் கேட்டால் பாதி விடை கிடைத்து விடும். கன்றை முட்ட விட்டு, மடியை நீவிக் கொடுத்தால்தான் மாடு பால் இறக்கும். மடியில் தொடுகை பட்டதும் மாட்டின் மூளையில் இருந்து "ஆக்சிடோசின்" என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. அதுதான் பாலை இறக்குகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் இதே சுரப்புதான்.

பாசத்துக்கும் இந்தச் சுரப்புக்கும் தொடர்பு உண்டு. ஜப்பான் விஞ்ஞானிகள் 2015-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் வெகுநேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொஞ்சியபோது, இரண்டு பேர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடி இருந்தது. மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் இப்படி நடக்கவில்லை.

அதாவது, பாட்டிக்கு மட்டும் அல்ல, மணிக்கும் சுகம்தான்!

249 மாணவர்கள்

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவ-மாணவிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2019-ம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பிரிவினர் நாய், பூனைகளை 10 நிமிடம் தடவிக் கொடுத்தனர். மற்றவர்கள் சும்மா வேடிக்கை பார்த்தனர், அல்லது படம் பார்த்தனர், அல்லது காத்திருந்தனர். பிறகு எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். தொட்டுத் தடவியவர்களுக்குத்தான் மன அழுத்தத்தில் சுரக்கும் "கார்டிசால்" குறைந்து இருந்தது. பார்த்தால் மட்டும் போதாது, கை பட வேண்டும்!

அதற்கும் முன்பு, 1980-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆராய்ச்சி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. இதய நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 92 பேரை ஓர் ஆண்டு கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்து விட்டனர்.

ஆனால் நாய்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. எனவே மாத்திரையை நிறுத்தி விட்டு நாயைத் தடவிக்கொண்டு உட்காரக் கூடாது.

சந்தை நாள்

நாய்க்கு மட்டும் அல்ல, ஆட்டுக்கும் இந்தப் பாசம் உண்டு. வியாழக்கிழமை தோறும் அய்யலூர் சந்தைக்கு ஆடுகள் போகின்றன. குட்டியில் இருந்து தூக்கி வளர்த்த பிள்ளைகள் அன்று சோறு சாப்பிடாமல் அழுவது உண்டு. "ஆட்டுக்குப் போயி அழுகலாமா?" என்று பெரியவர்கள் திட்டுவார்கள். திட்ட வேண்டியது இல்லை. தினமும் தொட்ட கைக்கு அந்தப் பிரிவு தெரியத்தான் செய்யும். ஓட்டிப் போகும் முன்பு ஒரு தடவை தடவிக் கொடுக்க விட்டால் பிள்ளைக்கு ஆறுதல்.

ஊசி முக்கியம்

இவ்வளவு பாசத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்து இருக்கிறது. அதுதான் வெறிநோய்!

வெறிநோய் அறிகுறி வந்து விட்டால் ஏறக்குறைய சாவு நிச்சயம். நாய் கடித்தால்தான் வரும் என்று இல்லை. நகம் பிறாண்டினாலும், புண்ணை நக்கினாலும் வரலாம். "நம்ம வீட்டு நாய்தானே" என்று இருந்து விடக் கூடாது.

கடித்தாலோ, பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தி விடாமல், சொன்ன தேதியில் எல்லாம் போக வேண்டும்.

நாய்க்கு 3 மாதம் ஆனதும் மாட்டாஸ்பத்திரியில் தடுப்பூசி போட வேண்டும். அதன் பிறகு ஆண்டு தோறும் போட வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

இவ்வளவும் செய்து விட்டால் பயம் இல்லை. பாட்டியின் மடியில் மணி நிம்மதியாகத் தலையை வைக்கலாம்!