கடலுக்கு எந்த நீலம்?

துடியலூரில் கடல் இல்லை. ஆனால் கடலை ஓவியமாகத் தீட்ட விரும்பும் மாணவருக்கு முதல் பாடம் இங்கேயே கிடைக்கிறது. காலையில் மேற்கே நோக்குங்கள். அருகிலுள்ள தென்னை பச்சையாகவும், தொலைவிலுள்ள மலை நீலமாகவும் தெரியும். மலையில் இருப்பவையும் பச்சை மரங்கள்தாமே! இடையிலுள்ள காற்றின் மூலக்கூறுகள் சிவப்பொளியைவிட நீல ஒளியைச் சுமார் 4 மடங்கு மிகுதியாகச் சிதறடிக்கின்றன. அந்த ஒளியே மலையின் மீது நீலத் திரையாகப் படர்கிறது.

கல்லூரியில் ஒளியியல் கற்பிக்கும் நான் இதனை நன்கு அறிவேன். ஆயினும் முதன்முதலாகச் சென்னைக் கடற்கரையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோது, கரை முதல் தொடுவானம் வரை ஒரே நீலத்தைப் பூசிவிட்டேன். படத்தில் கடல் சுவர்போல் நிமிர்ந்து நின்றது! 'கடல் நீலம்' என்று மனம் சொன்னதைத் தீட்டினேனே தவிர, கண் கண்டதைத் தீட்டவில்லை.

கண் கண்டதைத் தீட்ட வழிகாட்டியவர்கள் பிரெஞ்சு நாட்டு மனப்பதிவு ஓவியர்கள். கிளாட் மோனே 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்துக் காலைக் காட்சியைத் தீட்டி, 'மனப்பதிவு, சூரிய உதயம்' என்று பெயரிட்டார். 1874இல் பாரிசில் அதைக் கண்ட திறனாய்வாளர் ஒருவர் கேலியாக எடுத்தாண்ட அச்சொல்லே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

அப்படத்தில் ஒரு புதுமை உண்டு. அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் சூரியன் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது! செம்மஞ்சள் சூரியனும் சாம்பல்நீல வானமும் நிறத்தால் வேறு, வெளிச்சத்தால் ஒன்று. நமது மூளை நிறத்தையும் வெளிச்ச வேறுபாட்டையும் தனித்தனியே அறிகிறது. ஆதலால்தான் அச்சூரியன் ததும்புவதுபோல் தோன்றுகிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியுள்ளார்.

நம் கிழக்குக் கடற்கரையிலும் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. கோவையில் 1911இல் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியது சென்னைக்குத் தெற்கே அக்கரையில்தான். அங்கு நிற்பதாக எண்ணிக்கொண்டு தூரிகையை எடுப்போம்.

வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய நான்கு வண்ணங்கள் போதும், கறுப்பு வேண்டாம். முதலில் தொடுவானக் கோட்டை இடுங்கள். தொலைவுக் கடலைச் சாய்ந்த கோணத்தில் காண்கிறோம்; அது வானொளியை மிகுதியாக எதிரொளிக்கும். ஆகவே அங்கு வானின் நிறத்தையே சற்று அழுத்தமாக இடுக. காலடி நீரை நேராகக் கீழ்நோக்கிக் காண்கிறோம். அது சுமார் 2 விழுக்காடு ஒளியையே எதிரொளிக்கும். அங்கே நீரின் சொந்த நிறம், மணல், நுரை ஆகியன தெரியும். நீருக்குச் சொந்த நிறம் உண்டா என்கிறீர்களா? 1921இல் கப்பலில் பயணம் செய்த சர் சி.வி. இராமன், நிக்கல் பட்டகத்தால் வானின் எதிரொளியை விலக்கிப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது! நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதும், நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் அதற்குக் காரணங்கள்.

அலைகளுக்கு வண்ணங்களைக் குழப்பாமல், சிறு சிறு தீற்றல்களாக அருகருகே வையுங்கள். நீலத்தை அடுத்து வைத்த செம்மஞ்சள் மேலும் ஒளிரும். இறுதியில் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, உங்கள் சூரியன் மறைகிறதா என்று சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அவ்வெப்பம் உள்ளேயே தேங்கி, தானே தீப்பற்றக்கூடும். எனவே அதை நீரில் அமிழ்த்தி வையுங்கள். டர்ப்பன்டைனைச் சன்னல் திறந்த அறையில், பெரியவர் துணையோடு மட்டுமே கையாளுங்கள்.

என் இரண்டாவது படத்தில் கடல் படுத்துக்கொண்டது. தூரிகை வாங்கும்முன், நாளைக் காலை அந்த மலையை ஒருமுறை பாருங்கள். அதன் நிறம் என்னவென்று மனத்தைக் கேளாமல் கண்ணைக் கேளுங்கள்.