கிள்ளாமல் திசுவை அறியும் ஒளி

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களின் முயற்சியில் தோன்றிய ரோஸ் திட்டத்தின்வழி, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்கள் பஞ்சுக்குச்சியால் தாங்களே எடுத்துக்கொடுத்து, முடிவைக் கைப்பேசியிலேயே பெற முடிகிறது. கூச்சத்தால் ஒதுங்கியிருந்தவர்களுக்கு இது அரிய வாய்ப்பாகும். ஆனால் அம்மாதிரியில் எச்பிவி என்னும் கிருமி தென்பட்டு, மேற்பரிசோதனை தேவைப்படும்போது, மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைப் பார்த்து, ஐயத்துக்குரிய இடத்தில் திசுவைக் கிள்ளியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். பந்திங் வட்டாரத் தோட்டப்புறத்தில் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு இதற்காக மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வருமானத்தைப் பறிக்கக்கூடியது.

கிள்ளுமுன்பே அத்திசு எத்தகையது என்பதை ஒளியால் அறிய முடியுமா என்று ஆராய்ந்தவர்களுள் நிர்மலா ராமானுஜம் குறிப்பிடத்தக்கவர். அவரும் டெக்சஸ் பல்கலைக்கழகத்து உடனாய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 337 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசர் ஒளி, முடிபோன்ற கண்ணாடி இழைகள் வழியாகக் கருப்பை வாயில் பாய்ச்சப்பட்டது. அவ்வொளியை உறிஞ்சும் திசு, அதனினும் நீண்ட அலைநீளத்தில் மங்கலாகத் தானே ஒளிரும். அந்த ஒளிர்வை வேறு இழைகள் ஏந்திவர, நிறமாலைமானி அதை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும்.

திசுவின் அடித்தளத்தில் பின்னியிருக்கும் கொலாஜன் என்னும் புரதம் வலுவாக ஒளிர்வது. மேலடுக்கு உயிரணுக்களிலோ ஆற்றல் உற்பத்தியில் பங்குபெறும் என்ஏடிஎச் என்னும் மூலக்கூறு சற்று நீண்ட அலைநீளத்தில் ஒளிர்வது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் உயிரணுக்கள் பெருகி மேலடுக்கின் இயல்பு மாறுவதோடு அடியிலுள்ள கொலாஜனின் ஒளிர்வும் குன்றுவதால், மொத்த வெளிச்சம் மங்கி, அதன் உச்சம் நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. ஒளிர்வின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதால், ஒரு பெண்ணின் ஐயத்துக்குரிய திசு, அவருடைய நலமான திசுவோடேயே ஒப்பிடப்பட்டது. இந்த எளிய நுட்பமே அவ்வாய்வின் தனிச்சிறப்பு எனலாம்.

ஆயினும் வெறும் அழற்சியும் நிறமாலையை மாற்றக்கூடும். இரத்தச் சிவப்பணுக்களின் ஈமோகுளோபினும் 420 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கிவிடும். ஆகவே எங்கே கிள்ள வேண்டும் என்பதை ஒளி சுட்டலாமேயன்றி, நோயை உறுதிசெய்யும் பொறுப்பு இன்றும் திசு ஆய்வுக்கே உரியது. பின்னர் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற நிர்மலா, பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியேயும் கருப்பை வாயைக் காண உதவும், கையில் அடங்கும் சிறு ஒளிப்படக் கருவியை உருவாக்கினார்.