பங்கு இல்லாத வீடு

சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்க ஆரம்பித்துவிட்டால் பாதியில் எழ முடியாது. எண்ணெயையும் மீறிப் பிசின் விரலோடு விரலை ஒட்டிவிடும். போனைத் தொட முடியாது, முகத்தைத் துடைக்க முடியாது, கோபம் வந்தாலும் விசுக்கென்று எழுந்து போக முடியாது.

சென்ற சித்திரையில், திருவனந்தபுரம் மாவட்டம் விதுராவுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் நாங்கள் நால்வரும் அப்படி உட்கார்ந்திருந்தோம். அண்ணன், அக்கா, நான், தம்பி. நடுவில், விரித்த செய்தித்தாள்மேல் பிளந்து வைத்த வருக்கைச் சக்கை. அக்கா தலை நிமிராமலே சொன்னாள்: "அம்மையைக் கடைசி ரெண்டு வருசம் நான் ஒருத்திதான் பாத்தேன். நீங்க எல்லாரும் பணம் அனுப்பினீங்க. நீ தூங்கினியா, சாப்பிட்டியான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

யாரும் எழவில்லை. ஒட்டிய விரல்களோடு அப்படியே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "கேட்டிருக்கணும் மக்கா" என்றார். தம்பி தன் பக்கம் இருந்த சுளைகளை அக்காவின் பக்கம் தள்ளி வைத்தான். மூன்று வருடமாக எந்தக் கல்யாண மண்டபத்திலும் எந்தத் துஷ்டி வீட்டிலும் பேச முடியாமல் கிடந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

நாகர்கோவிலில் இருந்த எங்கள் வீட்டை விற்ற பிறகு நாங்கள் ஒரே கூரையின்கீழ் படுத்ததே இல்லை. அண்ணன் வீட்டில் கூடினால் மதினிக்கு அடுப்படியை விட்டு நகர நேரமில்லை. அக்கா வீட்டில் கூடினால் அவளே மறுபடி வேலைக்காரி. ஓட்டலில் தங்கினால் ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு டிவி. ஒரு வீடு வேண்டும், ஆனால் அது எங்களில் யாருடையதாகவும் இருக்கக் கூடாது. அப்படி யோசித்துத்தான் தம்பி தோஹாவிலிருந்து லீவில் வந்தபோது மூன்று இரவுக்கு இந்த ஹோம்ஸ்டேயைப் பிடித்தோம். மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரையில் திரும்பி, காட்டாக்கடை, ஆரியநாடு வழியாக ரப்பர் தோட்டங்களுக்குள் போகிற பாதை.

உடன்பிறந்தோர் வாழ்ந்த மண்

நாங்கள் போன திருவிதாங்கூர் மண்ணில், பல குடும்பங்களில் வீடு என்பதே ஒரு காலத்தில் உடன்பிறந்தவர்களுக்கு உரியதாக இருந்தது. மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறை நிலவிய தறவாட்டில், அதாவது கூட்டுக் குடும்பத்தில், அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் கடைசிவரை ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். குடும்பத்தின் வாரிசுகள் சகோதரிகளின் பிள்ளைகள். திருவிதாங்கூர் அரியணையும் அந்த வழியில்தான் கைமாறியது. 1810இல் ஆட்சிக்கு வந்த கௌரி லட்சுமி பாய் 1815இல் மறைந்ததும், தங்கை கௌரி பார்வதி பாய் நாட்டை ஏற்று நடத்தி, 1829இல் அக்கா மகன் சுவாதித் திருநாளிடம் ஒப்படைத்தார்.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் மருமக்கள் வழி இருந்தது. அதில் மனைவியும் சொந்தப் பிள்ளைகளும் பட்ட பாட்டைத்தான் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள நாயர்களுக்கு 1925இல் சட்டம் வழிவிட்டது. மறு ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் சட்டம் வந்தது. 1975இல் கேரளம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே சட்டத்தால் நீக்கியது. அது நியாயமான முடிவு. கண்ணீரில் நின்ற கூட்டு நிலைக்க வேண்டியதில்லை. ஆனால் சொத்து பிரிந்தபோது திண்ணையும் பிரிந்தது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான்கு கையெழுத்து, நான்கு பங்கு. பணத்தைச் சரியாகப் பிரித்தோம். பேச்சை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்காரர்கள் இருக்கும் வீடு

ஹோம்ஸ்டே என்ற ஏற்பாட்டின் உயிர், வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருப்பதில்தான் இருக்கிறது. தாங்கள் வாழும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்குக் கொடுப்பது, 6 அறைகளுக்கு மேல் போகாமல் இருப்பது என்ற எண்ணத்தில் உருவான திட்டம் இது. கேரளச் சுற்றுலாத் துறை டைமண்ட், கோல்டு, சில்வர் என்று மூன்று தரங்களில் சான்று தருகிறது. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சான்று இருக்கிறதா? குடும்பம் அங்கேயே தங்குகிறதா? இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், நீங்கள் பிடித்திருப்பது சின்ன ஓட்டல்.

நாங்கள் போன வீட்டில் ஒரு சேச்சியும் அவர் கணவரும் இருந்தார்கள். சேச்சி தன் மூத்தவரை 'அண்ணன்' என்றே சொன்னார். திருவனந்தபுரத்துப் பேச்சில் அண்ணன் அண்ணன்தான். மரவள்ளிக்கு வடக்கே கப்பா என்பார்கள்; இங்கே எங்கள் ஊரைப் போலவே மரச்சீனி. நாகர்கோவில் முதலில் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர். அம்மா பிறந்தது ஒரு ராஜ்ஜியத்தில், வாழ்ந்தது வேறொரு மாநிலத்தில். அவள் வீட்டு அடுப்படி மட்டும் இடம் மாறவில்லை.

முதல் நாள் காலையில் புட்டும் கடலைக்கறியும். இரண்டாம் நாள் அவித்த மரச்சீனி, கூடவே காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் சதைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றிய துவையல். ஒரு வாய் வைத்ததும் தம்பி நிறுத்திவிட்டான். "அம்மைக்க கைமணம்லா இது" என்றான். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரவலாக்கியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். இன்று அந்தக் கிழங்கை ஆராய்வதற்கென்றே திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏழைகளின் பசியாற்றிய கிழங்கு, எங்களுக்கு அம்மாவைக் கூட்டிவந்தது.

கூட்டிப் போகிறவர்களுக்கு

விதுராவிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. ஒரு காலைப் பொழுது போதும். வழியில் கல்லாறு அழகாக இருக்கும், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். பாறை வழுக்கும், மலைமேல் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். உள்ளூர்க்காரர்கள் கைகாட்டும் இடத்தில் மட்டும் கால் நனையுங்கள். மழைக்காலத்தில் அட்டையும் உண்டு.

இதைவிட முக்கியமாக ஒன்று. ஒரு நாளாவது எங்கும் போகாமல் வீட்டிலேயே இருங்கள். முதல் நாள் முழுக்க நாங்கள் ஊர் சுற்றினோம், போட்டோ எடுத்தோம், ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் இடிமழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது. சேச்சி சக்கையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். பயணம் அங்கேதான் தொடங்கியது. அன்று இரவு கட்டில்களை விட்டுவிட்டு நால்வரும் ஒரே அறையில் பாய் விரித்தோம். அண்ணனின் குறட்டை அப்படியே அப்பாவுடையது. இருட்டில் அக்கா அதைச் சொல்ல, மூவரும் சத்தம் வராமல் சிரித்தோம்.

கிளம்பும்போது, அம்மாவின் துவையல் பற்றிய கதையைக் கேட்டிருந்த சேச்சி, நீளமான ஒரு மரச்சீனிக் கம்பை எடுத்துவந்து, ஒரு சாண் அளவில் நான்கு துண்டாக நறுக்கி, ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். மேட மாதம், அதாவது நம் சித்திரையில், நட்டால் பிடித்துக்கொள்ளும் என்றார்.

அண்ணனின் கம்பு சென்னையில் மொட்டைமாடித் தொட்டியில் நிற்கிறது. அக்காவுடையது கிணற்றடியில். தோஹாவுக்குக் கொண்டுபோக முடியாததால் தம்பியின் கம்பும் என் தோட்டத்தில்தான், என்னுடையதற்குப் பக்கத்தில். நான்கும் துளிர்த்துவிட்டன. கிழங்கு விளையப் பத்து மாதம் ஆகும். தம்பி மாசிக்கு லீவு கேட்டிருக்கிறான்.