மலைவனச் சலமந்தர்களும் இனத்தின் எல்லையும்

குதிரையும் கழுதையும் கூடுதலாற் பிறக்குங் கோவேறு கழுதை பொதுவாகச் சந்ததி ஈனுவதில்லை. ஆதலின் அவ்விரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. தம்முட் கூடி வளமான சந்ததியைத் தோற்றுவிப்பனவே ஓரினம் என்னும் இலக்கணத்தை ஏணஸ்ற் மயர் என்னும் அறிஞர் 1942-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். வகுப்பறையில் எளிதாய்த் தோன்றும் இவ்விலக்கணம் மலைவனங்களுட் புகுந்ததும் இடர்ப்படுகின்றது. அவ்விடர்ப்பாட்டுக்குச் சிறந்த சான்று, வட அமெரிக்காவின் மேலைக்கரைக் காடுகளில் வாழும் என்சற்றீனா என்னுஞ் சலமந்தர்.

சலமந்தர் என்பது பல்லியின் வடிவும் தவளையின் தோலும் உடைய ஈரூடகவாழி. இலங்கையில் இவ்வகுப்பைச் சேர்ந்த தவளை, தேரை, காலற்ற சிசிலியன் ஆகியன உளவேயன்றிச் சலமந்தர் எதுவும் இல்லை. என்சற்றீனாவுக்கோ நுரையீரலும் இல்லை. ஈரத்தோலினாலும் வாயின் உட்புறத்தினாலுமே அது சுவாசிக்கின்றது. முட்டைகளை நீரில் இடாது நிலத்தடியிலுள்ள ஈரமான பொந்துகளில் இட்டுத் தாய் காவல் காக்கும். வாற்பேய்ப் பருவமும் அதற்கில்லை. தோல் உலர்ந்தால் மூச்சடைக்கும் இத்தகைய பிராணிக்கு ஈரமற்ற நிலம் கடத்தற்கரிய மதிலாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கலிபோர்ணியாவின் நடுவே அத்தகைய மதிலொன்று கிடக்கின்றது. ஏறக்குறைய 700 கிலோமீற்றர் நீளமுள்ள மத்திய பள்ளத்தாக்கே அது. அதன் மேற்கே கரையோர மலைகளும் கிழக்கே சியரா நெவாடா மலைகளும் உள. வெப்பமும் வறட்சியும் மிக்க அப்பள்ளத்தாக்கை விலக்கி, அதனைச் சூழ்ந்த மலைவனங்களிலே வளையம் போல இச்சலமந்தர்கள் பரவியுள்ளன. கரையோரத்தன பெரும்பாலும் ஒரே நிறம் வாய்ந்தவை. கிழக்கிலுள்ளனவோ கரிய உடலில் மஞ்சள் அல்லது செம்மஞ்சட் புள்ளிகளைத் தாங்கியவை.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இறொபேட் ஸ்ரெபின்ஸ் 1949-ஆம் ஆண்டில் இவற்றைப்பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். வடக்கே தோன்றிய மூதாதைகளின் வழித்தோன்றல்கள் பள்ளத்தாக்கின் இருபுறமாகவும் தெற்கு நோக்கிப் பரவின என்பதும், செல்லுந்தோறும் சிறிது சிறிதாக வேறுபட்டன என்பதும் அவர் கொள்கை. அவர் ஏழு துணையினங்களை வகுத்தார். வளையத்தின் வழியே அயல்வகைகள் தம்முட் கலக்கின்றன. ஆனால் இரு கரங்களும் தென் கலிபோர்ணியாவில் மீண்டுஞ் சந்திக்கும்போது, கரையோர மொன்ரெறே வகையும் உள்நாட்டுப் பெரும்புள்ளி வகையும் ஒன்றையொன்று அயலாராகவே நடத்துகின்றன. சில மலைகளிற் கலப்புப் பிறப்புக்கள் அருகியே காணப்படும். குயமாக்கா மலையிலோ இருவகையும் ஒரே காட்டில் வாழ்ந்தும் கலப்புப் பிறப்பு எதுவுங் காணப்படவில்லை என்று 1986-இல் வெளியான ஆய்வு அறிவித்தது. பெரும்புள்ளி வகை 1929-ஆம் ஆண்டில் தனியினமாகவே விவரிக்கப்பட்டிருந்தது. குயமாக்காவை மட்டும் பார்ப்பவன் அதனையே சரியென்பான். வளையம் முழுவதையும் சுற்றி வருபவன் எவ்விடத்தில் எல்லைக்கோடு இடுவதென்று திகைப்பான்.

இனி, கலப்புப் பிறப்புக்கு நேர்வது யாது? இதனை ஆராய இயற்கையே ஒரு பரிசோதனைச்சாலை அமைத்துக் கொடுத்துள்ளது. கரையோரத்து மஞ்சட்கண் வகையின் ஒரு பிரிவு எக்காலத்திலோ பள்ளத்தாக்கைக் கடந்து சியரா நெவாடாவின் அடிவாரத்தை அடைந்து, அங்குள்ள புள்ளியுடைய வகையோடு கலக்கின்றது. ஆயினும் கலப்பு நிகழும் பகுதி மிக ஒடுங்கியதாகவே இருக்கின்றது. கலப்புப் பிறப்புக்கு எதிராக இயற்கைத் தேர்வு கடுமையாகத் தொழிற்படுகின்றது என 2005-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இதற்கு நிறம் ஒரு காரணமாகலாம். மஞ்சட்கண் வகையின் செம்மஞ்சள் வயிறும் மஞ்சட் கண்ணும், அதே காடுகளில் வாழும் நஞ்சுடைய நியூற்று என்னும் பிராணியை ஒத்தவை. அந்நியூற்றை முன்னர் அறிந்த பறவைகள் இச்சலமந்தரைத் தின்னத் தயங்குகின்றன என்பது 2008-இல் வெளியான பரிசோதனையிற் புலப்பட்டது. புள்ளியுடைய வகைக்கோ அதன் புள்ளிகள் காட்டுத் தரையின் ஒளிநிழலில் மறைந்திருக்க உதவுவன. இரண்டுக்கும் நடுவான நிறத்தோடு பிறந்தது அச்சுறுத்தவும் மாட்டாது, நன்கு ஒளியவும் மாட்டாது.

ஸ்ரெபின்ஸின் கொள்கை மாற்றமின்றி நிலைத்ததென்று கொள்ளற்க. டேவிட் வேக்கும் அவர் துணைவர்களும் புரதங்களையும் பின்னர் இழைமணியின் பரம்பரையலகுகளையும் ஒப்பிட்டபோது, வளையத்திலே இடையறாத மாற்றம் மட்டுமன்றித் திடீர் முறிவுகளும் வெளிப்பட்டன. நெடுங்காலம் பிரிந்திருந்த குடித்தொகைகள் மீண்டும் தொடுப்புற்றதன் அடையாளங்கள் அவை. இவற்றைக் கொண்டு, இது ஓரினமன்று, பல இனங்களே என்று றிச்சட் ஹைற்றன் 1998-இல் வாதித்தார்; வேக் அதனை மறுத்தெழுதினார். இருவரும் நோக்கிய சான்று பெரும்பாலும் ஒன்றே. முறிவைப் பெரிதாகக் கண்டவர் ஒருவர்; முறிவின் ஊடாகவும் கசியும் கலப்பைப் பெரிதாகக் கண்டவர் மற்றவர். கூர்ப்பு இன்னும் முடிவுறாத இடத்தில் இவ்விருவரில் ஒருவரை முற்றும் பிழையென்றல் நேர்மையாகாது.

பெயரைப் பற்றிய வெறும் வழக்கென்று இதனை ஒதுக்கவும் இயலாது. தனியினமெனப் பெயர் பெற்றது காப்புச் சட்டங்களின் கண்ணிற் படுவது எளிது. துணையினம் பின்வரிசையில் நிற்கும். பெரும்புள்ளி வகையோ தென் கலிபோர்ணியாவிற் சில மலைகளில் மட்டுமே காணப்படுவது. அவற்றுள் ஒன்றாகிய குயமாக்காவின் வனத்திற் பெரும்பகுதி 2003-ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திற் பரவிய காட்டுத்தீயில் எரிந்துபோயிற்று.